இலவச வைத்தியம், இரண்டு வரிசை: பாலியல் சுகாதாரத்தின் வாசலில் நிற்கும் திருநர்கள்

இலங்கையில் அரச வைத்தியசாலைக்குப் போகும் எவரும் முதலில் துண்டு எடுக்க வேண்டும். பெயர், வயது, பால், விலாசம் ஆகிய நான்கு விபரங்களையும் சொல்லப் பெரும்பாலானவர்களுக்கு அரை நிமிடம் போதும். ஒரு திருநங்கைக்கு அந்த அரை நிமிடம் அவ்வளவு எளிதானது அல்ல. சுரிதார் அணிந்து நிற்பவரின் அடையாள அட்டையில் ஆண் பெயர் இருக்கும். துண்டு எழுதுபவர் அட்டையை ஒருமுறையும் முகத்தை ஒருமுறையும் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்வார். பின்னர் அந்த ஆண் பெயர் சத்தமாகக் கூப்பிடப்படும். வாங்கில் காத்திருக்கும் சனம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

இங்கே அவருக்கு யாரும் சிகிச்சையை மறுக்கவில்லை. வெளியே போகும்படி யாரும் சொல்லவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய முறைப்பாடு என்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த கிளினிக் திகதிக்கு அவர் வரமாட்டார். வராதவர்களின் பதிவு எந்த வைத்தியசாலையிலும் இல்லை.

ஆணாகப் பதிவு செய்யப்பட்டுப் பெண்ணாக வாழும் திருநங்கைகளும், பெண்ணாகப் பதிவு செய்யப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளும் பாலியல் சுகாதார சேவையில் சந்திக்கும் பாகுபாட்டின் பெரும்பகுதி இத்தகையது. கொடூரமான சம்பவங்களும் உண்டு. ஆனால் ஆட்களை அன்றாடம் வைத்தியசாலையிலிருந்து தள்ளி வைப்பவை பெயர் கூப்பிடும் முறை, ஆண் பெண் என்ற இரண்டு வரிசை, ஒரு தேவையற்ற கேள்வி, ஒரு சிரிப்பு போன்ற சின்னச் சின்ன விடயங்கள்தான்.

திறந்திருக்கும் கதவு

குறைகளைப் பேசுவதற்கு முன், எமது சுகாதாரத் துறை சரியாகச் செய்ததைச் சொல்வது நியாயம். தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1985 முதல் இயங்கி வருகிறது. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அதன் மத்திய கிளினிக் இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு உட்பட நாடெங்கும் அதன் கீழ் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. இங்கு பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. நோயாளியின் விபரம் இரகசியமாகப் பேணப்பட வேண்டும் என்பது இந்தக் கிளினிக்குகளின் அடிப்படை விதி. எச்.ஐ.வி தொற்று ஏற்படாமல் முன்கூட்டியே தடுக்கும் மாத்திரையும் இப்போது இங்கு கிடைக்கிறது.

இதற்குப் பலனும் கிடைத்திருக்கிறது. வளர்ந்தோர் மத்தியில் எச்.ஐ.வி தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வியும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்கு வழங்கியது. போருக்குப் பிந்திய பத்தாண்டில், வடக்கு கிழக்கின் கர்ப்பிணித் தாய்மாரும் உள்ளடங்க எட்டப்பட்ட அடைவு இது.

இந்த வெற்றி எப்படி வந்தது என்று பார்த்தால் தோல்வியின் காரணமும் விளங்கும். ஒரு பெண் கர்ப்பமுற்றதும் குடும்பநல உத்தியோகத்தர் அவரது வீட்டுக்கே போகிறார். பதிகிறார், கிளினிக்குக்கு அழைக்கிறார், இரத்தப் பரிசோதனை நடந்ததா என்று கொப்பியில் சரிபார்க்கிறார். எமது பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு குடும்பத்தைத் தேடிப் போகும் கட்டமைப்பு. கணவன், மனைவி, பிள்ளை என்ற வீட்டுக்குள் இருப்பவர்களை அது தவறவிடுவதில்லை. அந்த வீட்டிலிருந்து வெளியேறியவரையோ வெளியேற்றப்பட்டவரையோ தேடிப் போக அதன் கொப்பியில் ஒரு பக்கம் இல்லை. அவர் தானாகவே வர வேண்டும். தானாக வருபவரை நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

கிளினிக்குக்கு அடுத்த கதவு

பாலியல் நோய் கிளினிக்கில் பணிபுரிவோர் இந்த விடயங்களுக்கெனப் பயிற்சி பெற்றவர்கள். பிரச்சினை பெரும்பாலும் அந்தக் கிளினிக்கை விட்டு வெளியே வரும்போது தொடங்குகிறது.

ஆசனவாயில் புண்ணோ பாலுண்ணியோ உள்ள ஒரு திருநங்கையை எடுத்துக்கொள்வோம். முதலில் அவர் வெளிநோயாளர் பிரிவுக்குத்தான் போவார், ஏனென்றால் பாலியல் நோய்க்கென்று தனிக் கிளினிக் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அந்தக் கதவுக்குள் நுழைவதை ஊரவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையில் ஒரு மேசை இருக்கும். பின்னால் அடுத்த நோயாளி நின்றுகொண்டிருப்பார். அந்த இடத்தில் தன் பாலுறவு பற்றி யாரால் உண்மை பேச முடியும்? அவர் மூலம் என்றோ மலச்சிக்கல் என்றோ சொல்வார். அதற்கான மருந்தோடு வீடு திரும்புவார். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் பென்சிலின் ஊசியால் குணமாகும் சிபிலிஸ், இப்படித்தான் மாதக்கணக்கில் உடம்புக்குள் வளர்கிறது.

விடுதியில் அனுமதிக்கப்பட வேண்டிய நிலை வந்தால் அடுத்த கேள்வி எழும்: ஆண் விடுதியா, பெண் விடுதியா? அடையாள அட்டைப்படி ஆண் விடுதியில் போட்டால் இரவு முழுவதும் அவர் விழித்திருக்க வேண்டும். பெண் விடுதியில் போட்டால் மற்ற நோயாளர்களின் உறவினர்கள் முறையிடக்கூடும். முடிவெடுக்க எழுதப்பட்ட நெறிமுறை கையில் இல்லாத தாதி தனக்குத் தோன்றியதைச் செய்வார். நல்லவர் அமைந்தால் தனியான ஒரு மூலைக் கட்டில் கிடைக்கும். அமையாவிட்டால், என்ன வருத்தமென்று வந்தாரோ அதை விட்டுவிட்டு அவரது உடம்பைப் பார்க்க ஆட்கள் வந்துபோகும் நிலை ஏற்படும்.

திருநம்பிகளின் நிலை இன்னும் பேசப்படாதது. ஆணாக வாழும் ஒருவருக்குக் கருப்பை இருந்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அபாயமும் இருக்கிறது. அதற்கான பரிசோதனை நடப்பது பெண்களுக்கான 'வெல் வுமன்' கிளினிக்கில். 35 வயதை அடையும் பெண்களை அங்கு அழைப்பது குடும்பநல உத்தியோகத்தரின் பணி. தாடி வளர்த்த ஒருவரை யாரும் அங்கு அழைக்கப் போவதில்லை. அவராகப் போனாலும் வாசலில் நின்று என்ன சொல்வார்? ஆவணங்களை 'ஆண்' என்று திருத்திக்கொண்டவருக்கு அந்த வாசல் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்கிறது.

பரிசோதனை அறையில் சட்டம்

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லத் தயங்குவதற்கு வெட்கம் மட்டும் காரணமல்ல. பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365 மற்றும் 365அ பிரிவுகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. இவை சம்மதத்துடன் நடக்கும் தன்பாலுறவையும் குற்றமாக்குகின்றன. 365 பிரிவின் கீழ் பத்து ஆண்டுகள் வரையும் 365அ பிரிவின் கீழ் இரண்டு ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவை நீக்கவில்லை. அதுவரை ஆண்களுக்கு மட்டுமே இருந்த குற்றத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஒரு திருநங்கையைப் பெண் என்று ஏற்காத சட்டம், அவரது காதலையும் இந்தப் பிரிவுகளின் கண்ணாலேயே பார்க்கிறது.

இவற்றுடன் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதைத் தண்டிக்கும் 399ஆம் பிரிவும் திருநர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. இரவில் வீதியில் நிற்பதும், அட்டையில் இல்லாத உடையில் நிற்பதும் பொலிஸாருக்குப் போதிய காரணங்களாகி விடுகின்றன. கைப்பையில் இருக்கும் ஆணுறையே தனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று ஒருவர் பயந்தால், அவர் அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வெளியே போவார். ஒரு கையால் சுகாதார அமைச்சு கொடுக்கும் ஆணுறையை மறு கையால் சட்டம் பறிக்கிறது.

மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 ஓகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் திருநர்கள் பொலிஸாரிடமும் வேலைத்தலங்களிலும் மட்டுமன்றி வைத்தியசாலைகளிலும் பாகுபாட்டைச் சந்திப்பதைப் பதிவு செய்தது. அதே அமைப்பு 2020 ஒக்டோபரில் இன்னும் பாரதூரமான ஒன்றை வெளிக்கொணர்ந்தது. தன்பாலுறவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டவர்களுக்கு, ஆதாரம் தேடுவதற்காக ஆசனவாய்ப் பரிசோதனை வலுக்கட்டாயமாகச் செய்யப்பட்டிருந்தது. இத்தகைய பரிசோதனைக்கு எந்த விஞ்ஞான அடிப்படையும் இல்லை. உலக மருத்துவச் சங்கம் 2017இலேயே இதைக் கண்டித்து, வைத்தியர்கள் இதில் ஈடுபடக்கூடாது என்று கூறியிருந்தது. பொலிஸாரின் வேண்டுகோளில் ஒரு வைத்தியர் இதைச் செய்யலாம் என்ற செய்தி பரவிய பின்பு, வேறொரு வைத்தியரின் முன் அதே உடலைக் காட்ட யார் துணிவார்?

மாற்றத்துக்கான வாய்ப்புகள் வராமல் இல்லை. இந்தச் சட்டம் பெண்கள் மீதான பாகுபாடு என்று ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு 2022இல் தீர்மானித்தது. 365, 365அ பிரிவுகளைத் திருத்துவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் டொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறியது. தடை இல்லை என்று நீதிமன்றமே சொன்ன பின்பும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அந்த முயற்சி முடிந்தது.

ஒரு சான்றிதழும் நானூறு கிலோமீற்றரும்

இலங்கை அரசு திருநர்களை முற்றாக மறுத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கையின் மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் பதிவாளர் நாயகம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இந்தச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்தலாம். அதன் பிறகு புதிய அடையாள அட்டை பெறலாம். தெற்காசியாவில் இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

ஆனால் சான்றிதழில் கையொப்பமிட வேண்டியவர் மனநல வைத்திய நிபுணர். பால்நிலை வேறுபாட்டை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிப் பாலியல் சுகாதாரம் சார்ந்த பகுதிக்கு மாற்றிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் புதிய வகைப்படுத்தல் 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எமது நடைமுறை இன்னும் மனநல கிளினிக்கின் வரிசையிலிருந்தே தொடங்குகிறது. மனநல கிளினிக்குக்குப் போனவர் என்றால் எமது ஊர்களில் என்ன பெயர் வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஓமோன் சிகிச்சைக்கான நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர் என்று தொடரும் பயணம், வடக்கில் இருப்பவரைக் கடைசியில் கொழும்புக்குத்தான் கொண்டுபோகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒவ்வொரு கிளினிக் திகதிக்கும் பஸ் கட்டணம், ஒருநாள் கூலி இழப்பு, இரவு தங்க ஓர் இடம் என்று செலவு ஏறும். அங்கு போனாலும் மொழி குறுக்கே நிற்கும். சிங்களம் தெரியாத நோயாளியும் தமிழ் தெரியாத வைத்தியரும் சந்திக்கும்போது, பாலுறவு பற்றிய கேள்விகளுக்கு மூன்றாவது ஆள் ஒருவரின் வாய் வழியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பல நேரங்களில் அந்த மூன்றாமவர் அங்கு நிற்கும் இன்னொரு நோயாளியாகவோ சிற்றூழியராகவோ இருப்பார். இரகசியம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இந்தப் பயணம் முடியாதவர்கள் குறுக்குவழி தேடுகிறார்கள். பார்மசியில் கருத்தடை மாத்திரை வாங்கி, பெண் ஓமோனுக்காக அளவு தெரியாமல் விழுங்குவது திருநங்கைகள் மத்தியில் உள்ள பழக்கம். இரத்தப் பரிசோதனையும் வைத்தியரின் கண்காணிப்பும் இல்லாமல் இப்படிச் செய்வது இரத்தக்கட்டி முதல் ஈரல் பாதிப்பு வரை கொண்டுபோய் விடலாம். வைத்தியசாலை கொடுக்காத ஒன்றைத்தான் அவர்கள் கடையில் வாங்குகிறார்கள்.

எமக்குத் தெரிந்த வலி

வடக்கு கிழக்கில் வாழும் எமக்கு அடையாள அட்டை என்பதன் அர்த்தம் தெரியும். சோதனைச் சாவடியில் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று நின்று, அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் கண்ணுக்கு முன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற தலைமுறை இது. அட்டையில் இருக்கும் ஊரின் பெயரால் தடுத்து வைக்கப்பட்டவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் அதே சாவடியில் நின்ற ஒரு திருநர் அன்று என்ன பட்டிருப்பார் என்பதை நாம் யோசித்ததில்லை. அவருக்கு அந்தச் சாவடி 2009உடன் அகற்றப்படவில்லை. வைத்தியசாலை வாசலிலும் பிரதேச செயலகத்திலும் அது தொடர்கிறது.

போர் இன்னொரு சுமையையும் விட்டுச் சென்றிருக்கிறது. பிள்ளைகளை இழந்த குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஒரே மகன் மீது முழுக் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் இறங்குகிறது. காணாமல் ஆக்கப்பட்ட அண்ணாவின் இடத்தையும் அவனே நிரப்ப வேண்டும். அந்தப் பிள்ளை தான் மகன் அல்ல, மகள் என்று சொல்லும்போது, அது இன்னொரு இழப்பாகவே அம்மாவின் காதில் விழுகிறது. அந்தத் தாயைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் இழப்பு என்று நினைத்து வீட்டை விட்டு அனுப்பிய பிள்ளை, உண்மையாகவே இழக்கப்படும் ஆபத்து அங்குதான் தொடங்குகிறது. வீடில்லாத பிள்ளைக்கு வேலை கிடைப்பதில்லை. வேலையில்லாதபோது பாலியல் தொழில் ஒன்றே மிஞ்சுகிறது. ஆணுறை வேண்டாம் என்று சொல்லும் வாடிக்கையாளரை மறுக்கும் பலம் அந்தத் தொழிலில் எப்போதும் இருப்பதில்லை.

இடம்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பலர். நடமாடும் சேவையில் மறுபிரதி எடுத்துத்தான் மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கினோம். ஆவணம் ஒன்று இல்லாததால் மனிதர் ஒருவர் இல்லாமல் போய்விடுவதில்லை என்று அன்று நாம் வாதாடினோம். அந்த வாதம் எம்மைப் பற்றியதாக மட்டும் இருந்துவிடக்கூடாது.

பணமில்லாமலே செய்யக்கூடியவை

திருநர்களைத் தேடிப் போகும் வேலையை இலங்கையில் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே செய்து வந்தன. குடும்பத் திட்டமிடல் சங்கம் போன்றவை குளோபல் ஃபண்ட் நிதியுடன் சக மனிதர்கள் வழியாகப் பரிசோதனைக்கு அழைத்து வரும் திட்டங்களை நடத்தின. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது, வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் தங்கியிருக்கும் சேவை எவ்வளவு பலவீனமானது என்பது உலகெங்கும் தெரிந்தது. அரச வைத்தியசாலை தன் பொறுப்பைத் தானே ஏற்கும் நாள் வந்துவிட்டது. அதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை.

முதலாவது, எல்லாக் கிளினிக்குகளிலும் பெயருக்குப் பதிலாக இலக்கத்தைக் கூப்பிடலாம். சில இடங்களில் ஏற்கெனவே நடக்கும் இந்த நடைமுறையைப் பொதுவாக்கினால் திருநர்கள் மட்டுமன்றி எல்லா நோயாளரும் பயன் பெறுவர். இரண்டாவது, துண்டிலும் கிளினிக் கொப்பியிலும் 'அழைக்க விரும்பும் பெயர்' என்று ஒரு கோடு போடலாம். மூன்றாவது, விடுதி ஒதுக்கீடு பற்றி சுகாதார அமைச்சு ஒரு பக்க நெறிமுறையைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பலாம். தனியாக முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியிலிருந்து தாதிகளையும் அது காப்பாற்றும். நான்காவது, ஓமோன் சிகிச்சைக்கான தொடர் கண்காணிப்பை வடக்கிலும் கிழக்கிலும் உள்ள போதனா வைத்தியசாலைகளில் தமிழிலேயே செய்ய ஏற்பாடு செய்யலாம். ஐந்தாவது, பரிசோதனையின்போது வந்த நோய்க்குத் தேவையான கேள்வியை மட்டும் கேட்பது என்ற ஒழுக்கத்தைத் தாதியர் கல்லூரியிலும் மருத்துவ பீடத்திலும் பாடமாக்கலாம். சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. இந்த ஐந்தும் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இது சிலரின் பிரச்சினை, எமக்கு வேறு பெரிய பிரச்சினைகள் இருக்கின்றன என்ற வாதம் எமது அரசியலில் அடிக்கடி கேட்கிறது. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், நீதி எல்லாம் பெரிய பிரச்சினைகளே. ஆனால் தொற்றுநோய் வரிசைமுறை பார்ப்பதில்லை. பரிசோதனைக்கு வர அஞ்சும் ஒருவரின் வாழ்விலும் காதலர், வாடிக்கையாளர், வாடிக்கையாளரின் மனைவி என்று ஆட்கள் இருக்கிறார்கள். எச்.ஐ.வி உள்ள ஒருவர் தொடர்ந்து மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் பாலுறவு மூலம் அது மற்றவருக்குத் தொற்றாது. அவரை வைத்தியசாலையில் தக்க வைப்பது எல்லோருக்குமான பாதுகாப்பு. அவரைப் பகிடி பண்ணி அனுப்பினால் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறோம்.

இதை வாசிக்கும் திருநர் ஒருவருக்கு அல்லது அவரது அம்மாவுக்கு, அக்காவுக்கு உடனடியாகத் தேவைப்படும் தகவல் ஒன்று உண்டு. பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு யாருடைய கடிதமும் இல்லாமல் நேரடியாகப் போகலாம். பணம் கொடுக்கத் தேவையில்லை. சொந்த ஊரில் யாராவது காண்பார்கள் என்ற பயம் இருந்தால் வேறு மாவட்டத்து நிலையத்துக்கும் போகலாம். தனியாகப் போவது கடினம் என்றால் வீட்டில் ஒருவர் கூடப் போகலாம். பெயர் கூப்பிடும்போது சனம் திரும்பிப் பார்த்தாலும், பக்கத்தில் அம்மா இருந்தால் அந்தப் பார்வை பாதியாகக் குறைந்துவிடும்.